கோவாவா மூணாறா என்பது அப்புறம்

கேள்வி: ஈரோட்டில் ஆறு வருடமாக நியூட்ரிஷன் கிளப் நடத்துகிறேன். நேரடி விற்பனை நிறுவனம் ஒன்றின் ஷேக், புரோட்டீன் பவுடர், கூடவே தினமும் காலையில் ஒரு மணி நேர உடற்பயிற்சி வகுப்பு. அந்தச் சரக்கை விற்கும் கோச்சுகள் என் டீமில் 22 பேர். மூன்று பேரைத் தவிர எல்லோரும் பெண்கள். பாதிப் பேர் சோர்ந்து போயிருக்கிறார்கள். போன வருடம் மூன்று மாதப் போட்டி ஒன்று வைத்தேன். அதிக பாயிண்ட் எடுக்கும் முதல் மூன்று பேருக்குத் தாய்லாந்து டூர். எப்போதும் முன்னால் நிற்கும் இரண்டு பேர் ஓடினார்கள். மற்றவர்கள் மூன்றாவது வாரமே குரூப்பில் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் இடம் பிடித்தவர் கடைசி வாரத்தில் வளையலை அடகு வைத்து 60,000 ரூபாய்க்குத் தானே சரக்கு எடுத்திருக்கிறார். டூர் போய் வந்த பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது. டப்பாக்கள் இன்னும் அவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. இப்போது கிளப்புக்கே வருவதில்லை. இந்த வருடமும் போட்டி வைக்கச் சொல்லி என் அப்லைன், அதாவது நிறுவனத்தில் எனக்கு மேலே இருப்பவர், கேட்கிறார். ஒன்றரை லட்சம் ஒதுக்கியிருக்கிறேன். கோவாவுக்கு மூன்று இரவு, ஆளுக்கு 18,500 ரூபாய் என்று டிராவல்ஸில் சொன்னார்கள். எட்டுப் பேரை அழைத்துப் போகலாம். எப்படி நடத்தினால் எல்லோரும் ஓடுவார்கள்? வரி ஏதாவது வருமா? நானும் போட்டியில் இருக்கலாமா?
– பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

டூர், பட்ஜெட், வரி எல்லாவற்றுக்கும் வருகிறேன். முதலில் அந்தக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் டப்பாக்களைப் பேசிவிடுவோம். அதைத் தாண்டிக் குதித்து கோவாவுக்குப் போனால், இந்த வருடம் இன்னொரு வீட்டுக் கட்டிலுக்கு அடியில் டப்பா சேரும்.

பெயிண்ட் கம்பெனி, டயர் கம்பெனி டீலர்களுக்கு விற்பனைப் போட்டி விதிகள் எழுதிக் கொடுப்பது என் தொழில். அங்கேயும் இதே கதை நடக்கும். மார்ச் கடைசியில் டீலர் ஒருவர் பாங்காக் டிக்கெட்டுக்காகத் தேவைக்கு மேல் சரக்கு எடுத்துக் குடோனில் அடுக்குவார். ஏப்ரலில் அவரிடமிருந்து ஆர்டரே வராது. ஆனால் டீலருக்குக் குடோன் இருக்கிறது, பேங்கில் ஓவர்டிராஃப்ட் கடன் வசதி இருக்கிறது, பெயிண்ட் வாளி என்றைக்காவது விற்றுவிடும். உங்கள் கோச்சுக்கு இருந்தது கையில் கிடந்த வளையல். புரோட்டீன் பவுடருக்கு எக்ஸ்பயரி தேதி வேறு இருக்கிறது.

அவர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். நீங்கள் வைத்த விதிக்குள்தான் விளையாடினார். பாயிண்ட் எடுத்தவருக்கு டூர் என்றீர்கள். நிறுவனத்திடம் சரக்கு எடுத்த நிமிடமே பாயிண்ட் ஏறிவிடும். அந்த டப்பாவை யாராவது கரைத்துக் குடித்தார்களா என்று உங்கள் விதி கேட்கவே இல்லை. பத்தாயிரம் பாயிண்ட் தூரத்தில் பாங்காக் நிற்கிறது, நாலே நாள்தான் பாக்கி, அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் 'டூர் போறேன்' என்று சொல்லியாகிவிட்டது. அப்போது அடகுக் கடைப் பக்கம் கால் தானாகப் போகும்.

அதனால் புதுப் போட்டியை அறிவிக்கும் முன் அவரைப் போய்ப் பாருங்கள். கிளப்புக்கு வரச் சொல்ல வேண்டாம், நீங்களே அவர் வீட்டுக்குப் போங்கள். டப்பாக்களை எடுத்து வைத்து, சீல் உடையாதவை எத்தனை, எக்ஸ்பயரி எப்போது என்று ஒரு தாளில் எழுதுங்கள். விற்காத சரக்கைத் திருப்பி எடுத்துக்கொள்ள நிறுவனத்தில் என்ன விதி இருக்கிறது என்று அவர் பெயரிலேயே மெயில் போடச் சொல்லுங்கள். போனில் கேட்டால் 'பார்க்கலாம் மேடம்' என்பார்கள், எழுத்தில் கேட்டால் எழுத்தில் பதில் வந்தாக வேண்டும். 2021 டிசம்பரில் வந்த நுகர்வோர் பாதுகாப்பு (நேரடி விற்பனை) விதிகளின்படி ஒவ்வொரு நேரடி விற்பனை நிறுவனமும் குறைதீர்ப்பு அலுவலர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் பெயரும் தொடர்பு விவரமும் நிறுவனத்தின் இணையதளத்தில் இருக்க வேண்டும். மெயிலை அவருக்கே அனுப்பலாம். நிறுவனம் எடுத்துக்கொள்ளாத மிச்சத்தை, தேதி இருக்கும்போதே, உங்கள் கிளப் வாடிக்கையாளர்கள் வழியாக அவர் கணக்கிலேயே விற்றுக் கொடுங்கள். உங்கள் லாபத்தில் கொஞ்சம் போகும், போகட்டும். மற்ற 21 பேரும் அந்தக் கதையைக் கேள்விப்பட்டிருப்பார்கள். அவருக்கு என்ன செய்தீர்கள் என்பதைப் பார்த்துத்தான் அடுத்த போட்டியை நம்புவார்கள்.

அப்புறம், ஒரு கணக்கு. பாதிப் பேர் சோர்ந்துவிட்டார்கள் என்கிறீர்கள். சோர்வுக்குக் காரணம் உற்சாகக் குறைவுதான் என்று எடுத்த எடுப்பிலேயே முடிவு கட்டாதீர்கள். ஒவ்வொருவரோடும் தனியாக உட்கார்ந்து, போன மூன்று மாதத்தில் வாடிக்கையாளரிடமிருந்து வந்த பணம் எவ்வளவு, சரக்குக்குக் கொடுத்தது எவ்வளவு, தானும் வீட்டாரும் குடித்தது எவ்வளவு, பெட்ரோல், போன், மீட்டிங் டிக்கெட், டீ ஷர்ட் எவ்வளவு என்று எழுதிப் பாருங்கள். நாலைந்து பேருக்காவது கழித்தல் குறிதான் வரும் என்று நினைக்கிறேன். கைக்காசு போட்டுத் தொழில் நடத்துபவரிடம் டூரைக் காட்டி ஓடச் சொல்வது நியாயமில்லை. அவர்களுக்குத் தேவை வேறு. ஒருவர் வெறும் வாடிக்கையாளராக இருந்து தள்ளுபடி விலையில் வாங்கிக்கொண்டால் போதும் என்று நினைக்கலாம். அவரை அப்படியே விடுங்கள். இன்னொருவருக்கு விலை சொல்லிப் பணம் கேட்கக் கூச்சமாக இருக்கலாம். அவருக்கு நீங்கள் இரண்டு நாள் பக்கத்தில் நின்று பழக்கினாலே சரியாகிவிடும். இந்தக் கணக்கைப் போட்டு முடித்த பிறகும் போட்டியில் இறங்க ஆசைப்படுபவர்கள் பதினைந்து பேர் இருந்தாலும் எனக்கு அது நல்ல டீம்தான். உங்கள் அப்லைனுக்கு அது பிடிக்காமல் போகலாம்.

சரி, போட்டிக்கு வருவோம்.

எதை எண்ணப் போகிறீர்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கோச் எடுத்த சரக்கை எண்ணாதீர்கள். புதிதாகச் சேர்த்த கோச்சுகளை எண்ணவே எண்ணாதீர்கள். ஆள் சேர்ப்பதன் மூலம் மேலே இருப்பவருக்குப் பலன் வருகிற அடுக்குத் திட்டத்தைத்தான் நான் சொன்ன அந்த 2021 விதிகள் பிரமிட் என்று சொல்லித் தடை செய்திருக்கின்றன. 'இந்த மாதம் மூன்று பேரைச் சேர்த்தால் கோவா' என்று நீங்கள் வாட்ஸ்அப்பில் எழுதி வைத்தால், நாளைக்கு யாராவது புகார் கொடுக்கும்போது அந்த ஸ்கிரீன்ஷாட்தான் முதலில் நீட்டப்படும்.

அமெரிக்காவில் 2016இல் ஹெர்பலைஃப் என்ற நேரடி விற்பனை நிறுவனத்துக்கும் அங்கே உள்ள மத்திய வணிக ஆணையத்துக்கும் ஏற்பட்ட ஒப்பந்தத்தை என்னிடம் வருகிறவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வேன். 20 கோடி டாலர் கொடுக்க ஒத்துக்கொண்டது தலைப்புச் செய்தியானது. எனக்கு முக்கியமாகப் பட்டது அதில் இருந்த இன்னொரு நிபந்தனை. விநியோகஸ்தர்களுக்கு நிறுவனம் தரும் வெகுமதியில் குறைந்தது மூன்றில் இரண்டு பங்கு, உண்மையான சில்லறை விற்பனைக்காக இருக்க வேண்டும், அந்த விற்பனையும் பதிவாகி, சரிபார்க்கப்பட்டிருக்க வேண்டும். அதாவது கடைசியில் காசு கொடுத்துக் குடித்தவர் ஒருவர் இருக்கிறாரா என்ற கேள்வி. அது அமெரிக்காவுக்கான ஏற்பாடு, இங்கே உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஈரோட்டில் 22 பேருக்குப் போட்டி வைப்பவருக்கும் அதைவிட நல்ல அளவுகோலை நான் பார்த்ததில்லை.

உடற்பயிற்சித் துறையிலேயே இன்னொரு செய்தியும் உண்டு. கோச்சுகளின் வலைப்பின்னலை வைத்தே வளர்ந்த பீச்பாடி நிறுவனம் 2024இல் அந்தப் பல அடுக்கு முறையையே கைவிட்டு, விற்றதற்கு மட்டும் கமிஷன் தரும் முறைக்கு மாறியது. டூர் போட்டிகளுக்குப் பேர்போன நிறுவனம் அது. உங்கள் அப்லைன் 'ஆள் சேர்க்காமல் இந்தத் தொழில் நடக்காது' என்று சொன்னால் இதைச் சொல்லிப் பாருங்கள்.

என் யோசனை இது. ஒவ்வொரு கோச்சுக்கும் ஒரு அட்டை கொடுங்கள். அதில் 12 கட்டம். புது வாடிக்கையாளர் ஒருவர் சேர்ந்து முதல் பத்து நாளை முடித்தால் ஒரு கட்டத்தில் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதே வாடிக்கையாளர் இரண்டாவது மாதத்துக்குப் பணம் கட்டினால் இன்னும் இரண்டு கட்டம். இடையில் நின்றுபோன பழைய வாடிக்கையாளர் திரும்பி வந்து ஒரு மாதம் முடித்தால் ஒரு கட்டம். கோச் தன் பெயரில் எடுத்த சரக்குக்குக் கட்டம் கிடையாது. புதுக் கோச்சுக்கும் கிடையாது. போட்டி முடியும்போது அந்தக் கோச்சின் மொத்த வாடிக்கையாளர் எண்ணிக்கை தொடங்கிய நாளைவிடக் குறைந்திருக்கக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள். இல்லாவிட்டால் புது ஆளைத் தேடும் அவசரத்தில் பழைய ஆளைக் கைவிட்டுவிடுவார்கள். 12 கட்டம் நிரம்பியவர்கள் எல்லோரும் டூர் போகலாம். முதல் மூன்று, முதல் எட்டு என்பதெல்லாம் வேண்டாம்.

அட்டையைக் கொடுக்கும்போதே முதல் இரண்டு கட்டத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். இது வெறும் தாராளம் இல்லை. ஜோசப் நூனஸ், சேவியர் ட்ரெஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கார் கழுவும் இடத்தில் 300 பேருக்கு அட்டை கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு எட்டுக் கட்டம், எல்லாம் காலி. மீதிப் பேருக்குப் பத்துக் கட்டம், ஆனால் இரண்டில் ஏற்கெனவே முத்திரை. இருவருமே எட்டு முறை காரைக் கழுவினால்தான் ஒன்று இலவசம். காலி அட்டைக்காரர்களில் 19 சதவீதம் பேர் முடித்தார்கள். இரண்டு முத்திரையோடு தொடங்கியவர்களில் 34 சதவீதம் பேர் முடித்தார்கள். உங்கள் டீமில் சோர்ந்து கிடப்பவருக்குக் காலி அட்டையைவிடத் தொடங்கிவிட்ட அட்டை நல்லது.

வலுவான அந்த இரண்டு பேருக்கு 12 கட்டம் சுலபம்தான். ஏற்கெனவே 15 வாடிக்கையாளருக்கு மேல் வைத்திருப்பவர்களுக்கு 16 கட்ட அட்டை கொடுங்கள். முணுமுணுப்பார்கள். ஆனால் அவர்களுக்கு ஒரு சலுகையும் கொடுக்கலாம்: அட்டையை முடித்துவிட்டு, கட்டம் நிரம்பாத இன்னொருவர் தன் வாடிக்கையாளர்களைத் தக்க வைக்க உதவினால், டூரில் வீட்டார் ஒருவருக்கு இடம் இலவசம். நல்ல விற்பனையாளர்களுக்கு யாருக்காவது சொல்லிக் கொடுப்பதில் பெருமை உண்டு, கேட்டால் செய்வார்கள்.

பத்து வாரம் வையுங்கள். மூன்று மாதம் நீளம். விதியைக் கவனித்தீர்களென்றால் ஒன்று புரியும்: பெரிய கட்டங்கள் இரண்டாவது மாதப் பணத்தில்தான் இருக்கின்றன. அந்த ஆள் ஐந்தாறு வாரத்துக்குள் சேர்ந்திருந்தால்தான் அது போட்டிக்குள் வரும். கடைசி வாரத்தில் வளையலை அடகு வைத்தாலும் ஒரு கட்டம்கூட நிரம்பாது. யாருக்கும் புத்தி சொல்லித் தடுக்க வேண்டியதில்லை.

ஜூன் மூன்றாவது வாரம் தொடங்கினால் எப்படி இருக்கும் என்று பாருங்கள். பள்ளி திறந்து, ஃபீஸ் கட்டி முடித்து, வீடு ஒரு ஒழுங்குக்கு வந்திருக்கும். ஆடி பிறந்துவிட்டால் நம் ஊரில் புதிதாக எதிலும் சேர யோசிப்பார்கள். அதனால் ஆனியிலேயே ஆட்களைச் சேர்த்துவிட வேண்டும். ஆடியில் கல்யாண விருந்து கிடையாது, உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களைத் தொடர வைக்க அதைவிட வசதியான மாதம் ஏது? ஆடிப்பெருக்கு அன்றைக்கு மட்டும் வகுப்புக்கு லீவு விட்டுவிடுங்கள், பாதி ஊர் பவானி கூடுதுறையில்தான் இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் போட்டி முடியும். காலாண்டுத் தேர்வு விடுமுறையில், ஆயுத பூஜை கூட்டம் இல்லாத நாளாகப் பார்த்து டூர்.

இப்போது கோவா. எட்டுப் பேருக்கு 1,48,000 ரூபாய். ஒன்பதாவது ஆள் கட்டத்தை நிரப்பினால் என்ன செய்வீர்கள்? ஆகவே எத்தனை பேர் ஜெயித்தாலும் தாங்கும் பரிசு வேண்டும். உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போகும் பாதையே பாதி டூர். வேன், இரண்டு இரவுத் தங்கல், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு 6,000 ரூபாய்க்குள் பேசி முடிக்கப் பாருங்கள். மொத்தமாக அறை எடுத்தால் விலை இறங்கும். 22 பேரும் ஜெயித்தால்கூட 1,32,000 ரூபாய்தான். கேரள பெர்மிட் கட்டணம் வேன் வாடகையில் சேர்ந்ததா என்று முதலிலேயே கேளுங்கள். ஊட்டி, கொடைக்கானலும் எனக்குச் சம்மதமே. அங்கே 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் நடைமுறை இருக்கிறது, வேனுக்கு முன்கூட்டியே பதிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

'மூணாறா? தாய்லாந்து போயிட்டு வந்து மூணாறா?' என்று முன்னணி ஆட்கள் கேட்கலாம். அவர்களுக்கு வெளிநாட்டு டூர் நிறுவனமே வைத்திருக்கும், அங்கே ஓடட்டும்.

ரொக்கமாகவே கொடுத்துவிடலாமே என்றும் உங்களுக்குத் தோன்றலாம். நான் டூர் பக்கம்தான். 6,000 ரூபாயை வீட்டுக்குக் கொண்டுபோனால் கேஸ் சிலிண்டர், ட்யூஷன் ஃபீஸ், மாமியாருக்குக் கண் டாக்டர் என்று ஒரே வாரத்தில் கரையும். அவளுக்கென்று எதுவும் மிஞ்சாது. இரண்டு நாள் யாருக்கும் சமைக்காமல், யாரோ போட்ட காபியைக் குடித்துக்கொண்டு மலையைப் பார்ப்பது அவளுக்கே அவளுக்கு மட்டும் கிடைப்பது. ஆனால் எல்லோராலும் கிளம்ப முடியாது. கைக்குழந்தை இருக்கும், வீட்டில் படுக்கையில் ஒருவர் இருப்பார், கணவர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆகவே அறிவிக்கும் முன்பே ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேளுங்கள்: 'ஜெயிச்சா வர முடியுமா? வீட்டுல என்ன சொல்லுவாங்க?' குரூப்பில் கேட்டால் எல்லோரும் கைதட்டும் படத்தைப் போட்டுவிட்டு அமைதியாகிவிடுவார்கள். வர முடியாதவருக்கு அதே மதிப்புக்கு ரொக்கம் என்று விதித்தாளிலேயே எழுதிவிடுங்கள். பாதி மதிப்பு, கூப்பன் என்றெல்லாம் குறைக்க வேண்டாம். அந்த மூன்று ஆண்களுக்குத் தனி அறை, அதுவும் பெண்கள் தங்கும் மாடியில் இல்லாமல் வேறு மாடியில் என்பதைப் பெண்களின் வீட்டாருக்கு நீங்களே போன் செய்து சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும்.

குலுக்கல் மட்டும் வேண்டாம். 'கட்டம் நிரப்பியவர்களின் பெயரை எழுதிப் போட்டு ஒருவருக்கு ஸ்கூட்டி' என்ற யோசனை யாராவது கொடுப்பார்கள். பிஸ்கட் பாக்கெட்டில் பரிசுத் திட்டம் என்று போட்டுவிட்டு அடியில் பொடி எழுத்தில் 'தமிழ்நாட்டில் செல்லாது' என்று போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொருள் விற்பனையோடு சேர்த்துக் குலுக்கல் நடத்துவதைத் தடுக்க இங்கே 1979இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. உழைத்ததற்குப் பரிசு என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

போட்டி நடக்கும்போது குரூப்பில் தினமும் ரேங்க் பட்டியல் போடாதீர்கள். 19ஆவது இடத்தில் தன் பெயரைத் தினமும் பார்ப்பவர் ஓட மாட்டார், குரூப்பை மியூட் செய்வார். போன வருடம் மூன்றாவது வாரம் நடந்தது அதுதான். வாரம் ஒருமுறை, யார் எந்தக் கட்டத்தைத் தாண்டினார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். மற்றதைத் தனியாகப் பேசுங்கள். வாரத்தில் ஒருவருக்குப் பதினைந்து நிமிடம் போதும். 'என்னம்மா, டார்கெட் என்னாச்சு' என்று தொடங்கினால் பொய்தான் பதிலாக வரும். 'உன் மூணு கஸ்டமர் பேரைச் சொல்லு. இந்த வாரம் யார் வரல?' என்று கேளுங்கள். வராதவரின் பெயர் வந்ததும் வேலை தொடங்கிவிடும். அந்த ஆளுக்கு ஒரு போன், தேவைப்பட்டால் நீங்களும் சேர்ந்து பேசுங்கள். நேரில் போவதென்றால் முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். நான் சொன்ன 2021 விதிகளே வாடிக்கையாளர் வீட்டுக்கு முன்அனுமதி இல்லாமல் போகக் கூடாது என்கின்றன, கையில் அடையாள அட்டையும் இருக்க வேண்டும்.

சரிபார்ப்பு வேண்டும். பணம் வாடிக்கையாளரின் சொந்த ஜிபே அல்லது போன்பேயிலிருந்து வந்திருக்க வேண்டும், அல்லது அவர் கையெழுத்தோடு ரசீது. ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் கணக்கு. மாதத்துக்கு இரண்டு மூன்று வாடிக்கையாளர்களை நீங்களே சும்மா கூப்பிட்டு 'எப்படி இருக்கு?' என்று கேளுங்கள். எல்லோரையும் சந்தேகப்படுகிறீர்கள் என்று ஆகாமல் இருக்க, உங்கள் வாடிக்கையாளர்களையும் டீமில் ஒருவர் அப்படிக் கூப்பிட்டுக் கேட்கட்டும்.

கிலோவை எண்ணாதீர்கள். வாடிக்கையாளர் எத்தனை கிலோ குறைந்தார் என்பதற்குக் கட்டம் கொடுத்தால், எடை பார்க்கும் நாளில் பட்டினி போடும் கொடுமைதான் நடக்கும். வாரத்துக்கு அரைக் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குறைவதே பொதுவாகப் பாதுகாப்பானது என்பார்கள். அதற்கு மேல் வேகம் காட்டச் சொல்லும் எந்தப் போட்டியும் ஆபத்து. இன்னொன்று இதைவிடப் பெரியது. போட்டிச் சூட்டில் 'சுகர் மாத்திரையை நிறுத்திட்டோம், ஷேக் மட்டும்தான்' என்று ஸ்டேட்டஸ் போட்டுவிடுவார்கள். சர்க்கரை நோய், உடல் பருமன் முதலான நோய்களுக்குச் சிகிச்சை என்று விளம்பரம் செய்வதைத் தடுக்கும் மருந்துகள் மற்றும் மந்திர சிகிச்சைகள் சட்டம் 1954 முதலே இருக்கிறது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் விளம்பரம்தான். சட்டம் கிடக்கட்டும், மாத்திரையை நிறுத்திய ஒருவர் மயங்கி விழுந்தால்? இப்படி ஒரு பேச்சு வந்தால் அந்த வாடிக்கையாளரால் கிடைத்த கட்டங்கள் எல்லாம் ரத்து என்று எழுதிவிடுங்கள். மருந்து சாப்பிடுகிறவர் டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் சேர வேண்டும் என்பதையும் சேருங்கள்.

அறிவிப்பை இந்த அளவுக்குச் சுருக்கமாகப் போடலாம்: "ஜூன் மூன்றாம் வாரம் முதல் பத்து வாரம். தன் அட்டையை நிரப்பும் எல்லோரும் மூணாறு போகிறோம். முதல் 2 கட்டம் நான் போட்டுவிட்டேன். நீங்கள் வாங்கும் சரக்குக்குக் கட்டம் இல்லை, தொடர்ந்து வரும் வாடிக்கையாளருக்குத்தான் கட்டம். யாரும் கடன் வாங்கியோ நகை வைத்தோ இந்தப் போட்டிக்குச் செலவு செய்யக் கூடாது. செய்தால் கட்டம் எண்ணப்படாது. வர முடியாதவர்களுக்கு அதே மதிப்பில் பணம். முழு விதி என்னிடம் தாளில் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள்." இதைப் போடும் முன், டவுன்லைனுக்கு, அதாவது உங்களுக்குக் கீழே இருக்கும் கோச்சுகளுக்கு, தனிப்பட்ட போட்டி வைப்பதற்கு உங்கள் நிறுவன விதிகளில் தடையோ முன்அனுமதியோ இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வரியைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். தொழில் தொடர்பாக ஒருவருக்கு ஒரு வருடத்தில் 20,000 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பலனைக் கொடுப்பவர் 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்ற விதி 2022 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தனிநபராகத் தொழில் செய்பவரின் முந்தைய ஆண்டு விற்றுமுதல் ஒரு கோடி ரூபாயைத் தாண்டவில்லை என்றால் அவர் பிடிக்க வேண்டியதில்லை. நீங்கள் அந்த வரம்புக்குள் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஆளுக்கு 6,000 ரூபாய் என்பது 20,000க்குக் கீழேயும் இருக்கிறது. நீங்கள் பிடிக்காவிட்டாலும், தொழிலால் கிடைத்த பலன் வாங்கியவரின் தொழில் வருமானத்தில் சேரும், ரிட்டர்ன் போடுபவர்கள் ஆடிட்டரிடம் சொல்லட்டும். நிறுவனம் தரும் பெரிய டூர்களில்தான் இது கடிக்கும். பரிசு பொருளாகவோ டூராகவோ இருந்தால், கொடுக்கும் முன்பே வரி கட்டப்பட்டதை நிறுவனம் உறுதி செய்ய வேண்டும். டூர் ஜெயித்த கோச்சிடம் போய் வரிப் பணம் கட்டச் சொன்னால் அவர் அதிர்ந்துபோவார். இலவச டூர் என்று உங்கள் டீமில் யாரிடமும் சொல்வதற்கு முன் அதை விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் செலவுக்கான பில்கள் எல்லாம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

கடைசிக் கேள்வி, நீங்களும் போட்டியில் இருக்கலாமா. வேண்டாம். விதி எழுதுபவரும் கையெழுத்துப் போடுபவரும் நீங்கள்தான், நீங்களே ஜெயித்தால் யாரும் மறு வருடம் அட்டை வாங்க மாட்டார்கள். கூட்டிப் போகிறவராக வாருங்கள், வேனில் முன் சீட் உங்களுக்கு. அங்கே போய் ஹோட்டல் ஹாலில் பேனர் கட்டி மோட்டிவேஷன் மீட்டிங் வைக்கும் எண்ணம் இருந்தால் அதைப் பெருந்துறை தாண்டும் முன்பே இறக்கிவிட்டுப் போங்கள். காலையில் அரை மணி நேரம் நடக்கப் போகலாம், அதுவும் விருப்பப்பட்டவர்கள் மட்டும். வளையலை அடகு வைத்தவர் இந்த முறை அட்டை வாங்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள். அவர் வளையல் இன்னும் கடையில் இருந்தால், வட்டி எவ்வளவு ஏறியிருக்கிறது, ஏலத்துக்குக் கடைசித் தேதி எப்போது என்பதை இந்த வாரமே கேட்டு வையுங்கள்.